பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியும் ஆராய்ச்சிப் பணியும் பெறுமாறு

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சார்ந்த நம் சங்கத்தார் கூடிய கல்விக் கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்திலே தமிழ் கற்பிக்கும் என்போல்வானைப் பல்கலைக்கழகப் பணிகளைக் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தது எதன்பொருட்டு என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். காரணம் உண்டு. என்னிடம் படித்து மேற்சென்று எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுதோறும் வந்து என்னைக் கேட்கும் வினா ஒன்றே. "ஐயா, பிள்ளை படித்து முடித்துவிட்டான், கல்லூரியிலே ஒரு வேலைக்கு யாரைப் பார்க்கவேண்டும்?" என்பதே அது. 'யாரைப் பார்க்கவேண்டும்' என்னும் அத்தொடரை நம் இல்லங்களினின்று நீக்கி, 'எதைச் செய்யவேண்டும், எப்பொழுது செய்யவேண்டும்' என்னும் வினாக்களை அவ்விடத்தில் நிறுத்துதலே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உளது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1855-ஆம் ஆண்டிற் பிறந்த உத்தமதானபுரத்துக் குடியினரேனும், இளமைக் கல்வியிற் சிறந்ததொரு பகுதியைப் பெற்றது நம் ஊர்களிலேதான். அரியலூரிற் சடகோபையங்காரிடத்தும், குன்னத்திற் சிதம்பரம் பிள்ளையிடத்தும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடத்தும் அவர் தமிழ் கேட்டார். பின்னர் 1871-இல் மாயூரஞ் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, அவர் 1876-இல் மறையுமளவும் அவர்பாற் கற்றார். அதன்பின்னும் திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்து கல்வியைத் தொடர்ந்தார்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்திற்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் ஐயரவர்கள் அப்பணியில் அமர்ந்தார். "அக்காலத்திலும் சிபாரிசினாலன்றோ வேலை கிடைத்தது?" என்று ஈண்டு ஒருவர் கேட்கலாம். அற்றன்று. செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. ஐயரவர்களின் கல்வியளவை நெடுநாளாக நேரில் அறிந்தவர். ஒருவனது கல்வியை அறிந்தவர் தாம் அறிந்தபடி எடுத்துரைத்தல் சான்று எனப்படும். அறியாதவர் பொருள் பெற்றுக்கொண்டு உரைப்பதே நாம் அஞ்சவேண்டிய சிபாரிசு. செட்டியாரது சொல்லுக்கு முன்னே ஒன்பது ஆண்டு உழைப்பு நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

அப்பணியினால் விளைந்த பயனையும் காண்மின். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் கும்பகோணத்து முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயரவர்கள் கண்டார். அச்சந்திப்பே அவரைச் சீவகசிந்தாமணியின்பாற் செலுத்திற்று. 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. மாதந்தோறும் குறையாது வரும் அச்சிறு சம்பளம் இல்லையேல், ஏடு தேடி ஊரூராக அலைதற்கு அவரால் இயன்றிருக்குமோ? கல்லூரிப் பணி சோறு தருவதோடு அமைவதன்று. ஆராய்ச்சிக்கு நிழலும் தருவது. அதனாலேயே நம் பிள்ளைகள் அதனை நாடவேண்டும் என்கின்றேன்.

இனி, இக்காலத்து வழியைக் காண்போம். இன்று ஒருவர் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உதவிப் பேராசிரியர் ஆதற்குரிய தகுதியைப் பல்கலைக்கழக மானியக்குழுவாகிய யு.ஜி.சி. 2018-ஆம் ஆண்டின் விதிகளால் வரையறுத்துள்ளது. முதுகலைப் பட்டத்தில் நூற்றுக்கு 55 மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்கு 50 போதும். அதன்மேல் 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்விலேனும், 'செட்' எனப்படும் மாநிலத் தகுதித் தேர்விலேனும் தேறியிருத்தல் வேண்டும். அன்றி, விதிப்படி பெற்ற பிஎச்.டி. பட்டம் இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராதற்குப் பிஎச்.டி. கட்டாயம் என்றிருந்த விதி 2023-இல் தளர்த்தப்பட்டது. எனினும் போட்டி மிகுந்த இக்காலத்தில், இரண்டும் உடையாரே முன்னிற்பர்.

நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவது. 2018 டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை அதனை நடத்தி வருகின்றது. முதல் தாள் யாவர்க்கும் பொது; கற்பித்தல், ஆராய்ச்சி முறை, தருக்கம், கணக்கு முதலியவற்றில் 50 வினாக்கள். இரண்டாம் தாள் அவரவர் பாடத்தில் 100 வினாக்கள். மூன்று மணி நேரத்தில் 300 மதிப்பெண்ணுக்கு விடையளித்தல் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆதலின் ஒரு வினாவையும் விடாது எழுதுக. தமிழ் கற்றவர்க்குத் தமிழே பாடமாக உண்டு. நிலவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்னும் அறிவியற் பாடங்களுக்கு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவாகிய சி.எஸ்.ஐ.ஆர். பெயரால் தனித் தேர்வு நடைபெறும்.

தம்பிமார் ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். முதுகலை இறுதியாண்டிற் படித்துக்கொண்டிருக்கும்போதே இத்தேர்வை எழுதலாம். நம்மவர் செய்வதோ வேறு. பட்டம் பெற்று, பட்டமளிப்பு விழாவிற் படம் எடுத்துக்கொண்டு, ஓராண்டு வீட்டிலிருந்து, அதன்பின் 'நெட் என்றொன்று உண்டாமே' என்று வினவுகின்றார்கள். மக்காச்சோளம் விதைக்கப் பருவமழையை நோக்கி நிலத்தை முன்னரே உழுது வைக்கும் நம் குடியானவர்க்கு, பருவம் தப்பிய விதைப்பின் விளைவை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

முன்னரே எழுதுவதாற் பெறும் பெரும்பயன் மற்றொன்று. அத்தேர்வில் மேல்நிலையில் தேறுவோர்க்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அதன் அளவு, முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதற்குமேல் மூன்றாண்டுகள்வரை மாதம் 42,000 ரூபாயும் ஆகும். விடுதியில்லாதார்க்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. 'ஆராய்ச்சி செய்தால் சோற்றுக்கு வழி என்ன?' என்று தந்தையார் கேட்கும் கேள்விக்கு இதனினும் நேரான விடை வேறில்லை. ஆனால் இதற்கு வயது வரம்பு 30; பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினர், பெண்டிர் முதலியோர்க்கு மேலும் ஐந்தாண்டு சலுகை. உதவிப் பேராசிரியர்த் தகுதிக்கு மட்டும் எழுதுவோர்க்கு வயது வரம்பில்லை. காலத்தாழ்வினால் நாம் இழப்பது உதவித்தொகையையே என்பது இதனாற் பெறப்படும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகள் பலர் கையிலிருக்கும் மாநில அரசின் சாதிச் சான்றிதழே யாண்டும் போதும் என்றிருக்கின்றனர். நெட் தேர்வு முதலான மத்திய அரசின் காரியங்களில் பிற்படுத்தப்பட்டோர்க்குரிய சலுகை வேண்டுமாயின், 'வளமான பிரிவைச் சாராதவர்' என்னும் மத்திய அரசுப் படிவத்தில் வேறொரு சான்றிதழ் வேண்டும். அதற்குரிய ஆண்டு வருமான வரம்பு 2017 முதல் 8 இலட்சம் ரூபாய். அக்கணக்கில் மாதச் சம்பளமும் வேளாண்மை வருமானமும் சேர்வதில்லை. நில உடைமைக்கும் பதவிக்கும் தனி விதிகள் உள. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதினும், ஆண்டுத் தொடக்கத்திலேயே அதனைப் பெற்று வைத்தல் அறிவுடைமை.

அடுத்தது பிஎச்.டி. ஆராய்ச்சி. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் குறைந்த காலம் மூன்றாண்டு. மிகுந்த காலம் ஆறாண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு நீட்டிப்பும், 240 நாள்வரை பேறுகால விடுப்பும் உண்டு. எம்.ஃபில். பட்டம் அவ்விதிகளால் நிறுத்தப்பட்டமையின், அதன்பொருட்டு யாரேனும் கட்டணம் கேட்பின் கொடுக்கவேண்டா. நம் இரு மாவட்டங்களும் 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்டவை. கிழக்கே சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், தெற்கே தஞ்சையில் 1981-இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவற்றுள் யாதொன்றும் நம்மூரினின்று பேருந்தில் ஒரு பகற்பொழுதுக்குள் சென்றடையத் தக்கதே.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதினும், எந்த வழிகாட்டி, எந்தப் பொருள் என்பவை முதன்மையானவை. வழிகாட்டியாகும் பேராசிரியர் எழுதிய கட்டுரைகள் இரண்டையேனும் படித்துவிட்டே அவரை அணுகுக. அவரிடம் முன்பு பயின்றவர் எத்தனை ஆண்டில் முடித்தனர், இப்பொழுது எங்குப் பணிபுரிகின்றனர் என்று விசாரிக்க. இடம் காலியாயிருக்கின்றது என்பதற்காக மட்டும் ஒருவரிடம் சேர்ந்து, ஐந்தாண்டு கழித்து வருந்துதல் வேண்டா.

ஆராய்ச்சிப் பொருளோ நம் காலடியிற் கிடக்கின்றது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரிற் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் பெருமரத்தை நீங்கள் அறிவீர்கள். ஏறக்குறையப் பன்னிரண்டு கோடி ஆண்டுத் தொன்மையும் 18 மீட்டர் நீளமும் உடைய அதனை 1940-இல் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூரிற் பிறந்த அப்பெரியார் 1951-இல் அத்துறைக்கே தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. அதற்கு முன்னரும், காரை, ஊட்டத்தூர், அரியலூர்ப் பகுதிகளின் கடற்படிவங்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்போர்டு, ஸ்டோலிஸ்கா என்னும் மேனாட்டறிஞர்கள் வந்து ஆராய்ந்து நூல்கள் எழுதினர். 'அரியலூர்' என்னும் பெயர் உலகெங்கும் நிலவியல் நூல்களில் வழங்குகின்றது. அவ்வூர்ப் பிள்ளைகளாகிய நாமோ, ஓடையிற் கிடைக்கும் சங்குக் கல்லைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாகக் கருதி விட்டுவிடுகின்றோம்.

வரலாறும் அப்படியே. இராசேந்திர சோழன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம் நம் மாவட்டத்தது. ஆண்டுள்ள மாளிகைமேட்டில் அகழாய்வுகள் நிகழ்ந்துள்ளன. நம் சிற்றூர்க் கோயிற் சுவர்களிற் சுண்ணாம்பு பூசி மறைத்த கல்வெட்டுக்கள் எத்துணையோ! வெளியூரார் பேருந்தேறி வந்து காணவேண்டியதை நாம் வாயிற்படியிறங்கிக் காணலாம். ஊராரின் பேச்சும் வழக்கமும் நமக்குத் தெரியும். இஃது ஆராய்ச்சியாளர்க்கு வாய்த்தற்கரிய செல்வமாகும்.

கற்பிக்கும் பணியை மட்டுமே எண்ணியிருத்தலும் வேண்டா. ஆராய்ச்சிப் பணிகள் வேறு பல உள. அரசு நிதியுதவி பெற்ற ஆராய்ச்சித் திட்டங்களில் திட்ட உதவியாளர், திட்ட ஆய்வாளர் என்னும் பணிகள் அவ்வப்போது அறிவிக்கப்படும். அவை குறுகிய காலத்தனவேனும் கருவிகளையும் முறைகளையும் கற்பிப்பன. தமிழ் கற்றவர்க்குச் சென்னையிற் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் உள்ளன. புதுச்சேரியில் 1955 முதல் நடைபெறும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைப் பேணி ஆராய்கின்றது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பணிக்குப் பொதுவானதொரு விண்ணப்ப இணையவாயில் 2023-இல் அமைக்கப்பட்டது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் அவ்வகையினதே.

கடல் கடந்தும் வழி உண்டு. யாழ்ப்பாண நாட்டிற் பிறந்த தனிநாயகம் அடிகளார், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்றவர்; பின்னர் மலேயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைவராக விளங்கி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுதற்கு முதற்காரணராயினார். அவர்க்கு உதவியது தமிழறிவோடு கூடிய பன்மொழி அறிவு. ஆதலின் தமிழ் படிக்கும் பிள்ளைகள், தம் ஆராய்ச்சியை ஒரு பக்க ஆங்கிலத்திற் பிழையின்றி எழுதவும், கணினியில் தமிழைத் தாமே அச்சிடவும், மேற்கோள் காட்டும் முறையைக் கடைப்பிடிக்கவும் பழகுக. விண்ணப்பத்தைப் பார்ப்பவர் முதலிற் காண்பது இவற்றையே.

இனிக் கசப்பான மூன்று செய்திகளைச் சொல்லுதல் என் கடமை.

முதலாவது, காத்திருத்தல். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது; ஆயினும் தேர்வு குறித்த நாளில் நடவாமல் தள்ளிப்போயிற்று. இத்தகைய அறிவிப்புக்கள் ஆண்டுதோறும் தவறாது வருவன அல்ல. ஒரே வாயிலின் முன் அமர்ந்திருப்பவன் ஆண்டுகளை இழப்பான். கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்திற் பணியாற்றுவோர், அவ்வகுப்பறை அனுபவத்தைப் பெறுக. ஆனால் அதிலேயே அமைந்து ஆராய்ச்சியையும் தேர்வையும் நிறுத்திவிடாதிருக்க.

இரண்டாவது, போலி இதழ்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்திற் கட்டுரையை அச்சிட்டுத் தரும் இதழ்கள் மலிந்துள்ளன. நல்லிதழ்களைச் சுட்டுதற்காக யு.ஜி.சி. வைத்திருந்த பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஆதலின் நல்லது தீயது பகுத்தறியும் பொறுப்பு ஆராய்ச்சியாளர் தலையிலேயே விழுந்துள்ளது. அறிஞர் ஒருவர் படித்துக் குறை கூறித் திருத்திய கட்டுரை ஒன்று, அவ்வாறு விலைகொடுத்து அச்சிட்ட பத்துக் கட்டுரைகளினும் மேலானது.

மூன்றாவது, பணம் கொடுத்துப் பணி பெற முயலுதல். இதனைச் சொல்லும்போது என் நா கூசுகின்றது. எனினும் சொல்லாது விடுதற்கில்லை. செயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்கொல்லையை ஒத்திவைத்தும், பெரம்பலூர்ப் பக்கம் சின்னவெங்காயம் விளையும் கிணற்றுநிலத்தை விற்றும், 'கல்லூரியில் வேலை வாங்கித் தருகின்றேன்' என்பார் கையிற் கொடுத்துவிட்டு, பணியும் இன்றிப் பணமும் இன்றி நிற்பார் நம்முள்ளேயே உளர். அவர்கள் வெட்கத்தினால் வாய்திறப்பதில்லை. அவர்கள் வாய்திறவாமையே அடுத்தவர் ஏமாறுதற்கு வாயிலாகின்றது. 2018-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி அரசு ஊழியர்க்குக் கையூட்டு வாங்குதலேயன்றிக் கொடுத்தலும் தண்டனைக்குரிய குற்றமாம். அன்றியும், உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி மாதம் 57,700 ரூபாய். இத்தகைய பணியை விலைபேச வருவோன் தகுதிச் சான்று எதையும் கேளானாயின், அவன் விற்பது பணியன்று என்பது வெளிப்படை. அப்பணத்திற் பத்திலொரு பங்கு போதும், ஒரு பிள்ளை ஈராண்டு நூலகத்தின் அருகே தங்கித் தேர்வுக்குப் படிப்பதற்கு.

தாய்மார்களே! உங்களை நோக்கி ஒன்று வேண்டுகின்றேன். எம்.ஏ. வகுப்பில் முதன்மை பெறுவோர் பலர் பெண்மக்களே என்பதை யான் காண்கின்றேன். ஆயினும் அவ்வாண்டே அவர்க்கு மணம் முடிக்க விரைகின்றோம். நெட் தேர்வுக்குரிய நாளும் நிச்சயதார்த்த நாளும் ஒன்றாகி விடுகின்றன. மணம் வேண்டா என்று யான் சொல்லவில்லை. வரன் பேசும்போதே, 'எங்கள் பெண் ஆராய்ச்சி முடிக்கும்வரை படிப்பாள்' என்று ஒரு சொல் பேசிவிடுங்கள். பெண்களுக்கென அரசு விதிகளில் இரண்டாண்டு நீட்டித்துத் தந்திருக்கின்றது. வீட்டிலுள்ளோர் அதனைக் கொடுக்க மறுத்தல் முறையாகுமா?

முடிவாக, சங்கத்தார்க்கு நான்கு வேண்டுகோள். ஒன்று: நெட் தேர்வு, பிஎச்.டி. சேர்க்கை, ஆராய்ச்சித் திட்ட அறிவிப்பு ஆகியவற்றின் நாட்களைத் திரட்டி இத்திங்களிதழில் மாதந்தோறும் ஒரு பக்கம் வெளியிடுக. இரண்டு: நம்மவரிற் கல்லூரிகளிற் பணிபுரிவோர் பட்டியலொன்று எழுதி, ஒவ்வொருவரும் முதுகலை மாணாக்கர் ஒருவர்க்கு ஓராண்டு வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்க, அவர்கள் வேலை வாங்கித் தரவேண்டா, விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தாற் போதும். மூன்று: சங்க மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றது, அதில் ஒரு மேசையும் விளக்கும் கணினியும் இட்டு, தேர்வுக்குப் படிப்பார்க்குத் திறந்துவிடுக. நான்கு: ஆண்டுவிழாவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவிற் பாதியை ஒதுக்கி, உதவித்தொகை கிடைக்கும்வரை ஏழை மாணாக்கர் இருவரைத் தாங்குக. இவ்வுதவி நம்மவர் பிள்ளைகளோடு நில்லாது, அவர்களோடு ஒரே பேருந்திற் சென்று ஒரே வகுப்பிற் பயிலும் பிற வகுப்பார் பிள்ளைகளுக்கும் மண்டபத்தைத் திறந்துவிடுமாயின், சங்கத்திற்குப் பெருமை குன்றாது, வளரும்.

செங்கணத்திற் பாடங்கேட்ட பிள்ளை கும்பகோணத்துக் கல்லூரியில் ஆசிரியராயினது அருஞ்செயலெனினும் மந்திரச்செயலன்று. கற்பிப்பார் இருந்தனர், வறுமையிலும் படிப்பை நிறுத்தாத தந்தையார் இருந்தார், காலம் வந்தபோது அறிந்தவர் ஒருவர் உண்மையை எடுத்துரைத்தார். இம்மூன்றையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் அளித்தல் இயலும். இத்தீர்மானங்களை இக்கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு தலைவரவர்களை வேண்டுகின்றேன்.